காந்த மைப்பொடியும் நிலைமின் அச்சும்

சென்னையிலிருந்து கூடூர் செல்லும் இருப்புப்பாதையில் அமைந்த சூளூர்பேட்டை, ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி நிலையத்துக்குச் செல்வோர் இறங்கும் ஊர் என்பது பலரும் அறிந்ததே. எனினும், அவ்வூர் மக்களின் அன்றாட வாழ்வில் ராக்கெட்டைக் காட்டிலும் அதிகமாகத் தலையிடும் யந்திரம் ஒன்று உண்டு. நிலப் பத்திரம், சாதிச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றுக்குப் பிரதி எடுத்துத் தரும் யந்திரமே அது. மக்கள் அதை ஜெராக்ஸ் என்கின்றனர். அதிலிருந்து வெளிவரும் தாளையும் ஜெராக்ஸ் என்றே அழைக்கின்றனர்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பழவேற்காடு ஏரியின் பக்கமிருந்து ஈரக்காற்று வீசும் நாட்களில் இந்த யந்திரத்தின் போக்கு மாறிவிடுகிறது. எழுத்துக்கள் மங்குகின்றன, வெண்மையாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்தாற்போல் ஆகிறது. அந்தப் பிரதியை இணைத்து அனுப்பிய மனு, "தெளிவாக இல்லை" என்ற குறிப்புடன் திரும்பி வருகிறது. மனுதாரருக்கு ஒரு நாள் கூலி வீண். கடைக்காரரைக் கேட்டால், பொடி சரியில்லை என்பார், அல்லது தாள் நமுத்துவிட்டது என்பார். இரண்டு காரணங்களும் உண்மையே. ஆனால் உலர்ந்த கரும்பொடிக்கு ஈரத்தோடு என்ன பகை, அந்தப் பொடி எழுத்து இருக்கும் இடத்தில் மட்டும் எவ்விதம் சென்று படிகிறது என்பவை விளக்கப்பட வேண்டிய விஷயங்கள்.

சுருங்கச் சொன்னால், பொடியின் ஒவ்வொரு துகளையும் இரண்டு கைகள் இழுக்கின்றன. ஒன்று காந்தத்தின் கை. மற்றொன்று மின்சாரத்தின் கை. மின்சாரம் வெல்லும் இடத்தில் கறுப்பு விழுகிறது. காந்தம் வெல்லும் இடம் வெண்மையாகவே இருக்கிறது.

மேலே செல்லுமுன் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. 'டோனர்' என்பதை இக்கட்டுரையில் மைப்பொடி என்கிறோம். 'டெவலப்பர்' என்ற சொல் மொழிபெயர்ப்பாளருக்குச் சற்றுத் தொல்லை தருவது. புகைப்படக் கலையில் அது மறைந்துள்ள உருவை வெளிக்கொணரும் இரசாயனத் திரவத்தைக் குறித்தது. இங்கே திரவம் எதுவும் இல்லை. யந்திரம் பழுது பார்ப்போர் அச்சொல்லால், பொடியைச் சுமந்து செல்லும் இரும்பு மணிகளைக் குறிப்பிடுகின்றனர். நூல்களோ மணியும் பொடியும் சேர்ந்த கலவையைக் குறிப்பிடுகின்றன. மறைந்த உருவைத் துலங்கச் செய்வதால், அந்தக் கலவையை உருத்துலக்கி என்று அழைப்போம்.

பொடியால் எழுதிய முதல் உருவங்கள்

மின்னூட்டம் பெற்ற பரப்பில் தூசு ஓர் ஒழுங்கோடு படிவதை முதன்முதலில் கவனித்து ஆராய்ந்தவர், ஜெர்மனியில் கேட்டிங்கன் நகரில் பேராசிரியராக இருந்த லிக்டன்பர்க். 1777-இல் அவருடைய பெரிய பிசின் தட்டின்மேல் விழுந்த தூசு, நட்சத்திரங்களையும் மரக்கிளைகளையும் போன்ற உருவங்களைக் காட்டிற்று. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அது வகுப்பறை வேடிக்கையாகவே இருந்து வந்தது.

அதைத் தொழிலாக்கியவர் அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன். அவர் பௌதிகம் பயின்று, நியூயார்க்கில் காப்புரிமை அலுவலில் இருந்தவர். ஒரே பத்திரத்துக்குப் பல பிரதிகள் தேவைப்படும் தொழில் அது. அவற்றை மீண்டும் மீண்டும் தட்டச்சு செய்ய வேண்டியிருந்ததே அவரைச் சிந்திக்க வைத்தது. 1938 அக்டோபர் 22 அன்று அஸ்டோரியா என்ற பகுதியில், ஆஸ்திரியாவிலிருந்து வந்திருந்த ஆட்டோ கோர்னை என்பவரின் உதவியுடன், கந்தகம் பூசிய துத்தநாகத் தகட்டைத் துணியால் தேய்த்து மின்னூட்டினார். தேதியும் இடத்தின் பெயரும் மையால் எழுதப்பட்ட கண்ணாடிச் சில்லை அதன்மேல் வைத்து, ஒளியைப் பாய்ச்சினார். பிறகு லைகோபோடியம் என்ற தாவரத்தின் நுண்பொடியைத் தூவி ஊதியதும், எழுத்துக்கள் தகட்டில் தங்கி நின்றன. அவற்றை மெழுகுத் தாளில் ஒற்றியெடுத்ததே முதல் பிரதி. ஒளி பட்ட இடத்தில் மின்னூட்டம் கசிந்துவிடும், நிழல் விழுந்த இடத்தில் நிலைத்திருக்கும் என்பதே அடிப்படை. இந்த இயல்புடைய பொருளுக்கு ஒளிக்கடத்தி என்று பெயர்.

பல கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. 1944-இல் பாட்டெல் ஆராய்ச்சி நிலையம் ஆதரவு அளித்தது. பின்னர் ஹாலாய்டு என்ற சிறு கம்பெனி அதை மேற்கொண்டு, கிரேக்க மொழியில் 'உலர்ந்த எழுத்து' என்ற பொருள்படும் ஸீரோகிராஃபி என்ற பெயரைச் சூட்டிற்று. 1959-இல் வெளிவந்த '914' என்ற யந்திரமே உலகெங்கும் அலுவலகங்களின் போக்கை மாற்றியது. இந்தியாவில் 1983-இல் மோடி ஜெராக்ஸ் என்ற கூட்டுக் கம்பெனி தோன்றி, உத்தரப் பிரதேசத்தின் ராம்பூரில் தொழிற்சாலை நிறுவியது.

நடுவே வெளுத்த கறுப்பு

914 யந்திரத்தில் ஒரு குறை இருந்தது. மெல்லிய எழுத்துக்கள் நன்றாக விழுந்தன. ஆனால் அகன்ற கறுப்புப் பரப்புகள் ஓரத்தில் கறுத்தும் நடுவில் வெளுத்தும் காணப்பட்டன. அதில் மைப்பொடியும் மணிகளும் கலந்த உருத்துலக்கி, மின்னூட்டம் பெற்ற உருளையின்மீது அருவிபோல் கொட்டப்பட்டது. மணி உருண்டோடும்போது பொடி பிரிந்து உருவில் படியும்.

நடுப்பகுதி ஏன் வெளுக்கிறது? மின்னூட்டம் பெற்ற அகன்ற பரப்பின் நடுவிலிருந்து கிளம்பும் விசைக் கோடுகள் வெளியே வருவதில்லை. ஒளிக்கடத்திப் பூச்சுக்கு அடியிலுள்ள உலோகத்துக்கே சென்று முடிந்துவிடுகின்றன. ஓரத்திலுள்ள கோடுகள் மட்டுமே, மின்னூட்டம் உள்ள இடத்திலிருந்து இல்லாத இடத்துக்கு வில்போல் வளைந்து செல்கின்றன. வெளியே மிதக்கும் துகளால் உணரக்கூடியவை இவையே. எழுத்து என்பது ஏறக்குறைய ஓரமேயாதலால், அது தப்பித்துக்கொண்டது. நிலப்படத்தில் ஏரியைக் கறுப்பாக்கினால் கரை மட்டும் தெரியும்.

பரிகாரம் எளிது: உருவின் முன்னால், மிக அருகில், மற்றொரு மின்கடத்தியை நிறுத்த வேண்டும். அப்போது நடுப்பகுதியின் விசைக் கோடுகளும் வெளியே எழுந்து அதை நாடும். இந்தக் கடத்தியாகவும், பொடியைச் சுமக்கும் சாதனமாகவும் ஒருங்கே பயன்படுவதுதான் காந்தத் தூரிகை. ஆர்.சி.ஏ. கம்பெனியைச் சேர்ந்த யங், கிரெய்க் என்ற இருவர், துத்தநாக ஆக்ஸைடு பூசிய தாளில் நேராக உருவை விளைவிக்கும் முறையை 1954-இல் வெளியிட்டபோது இத்தூரிகையையும் கையாண்டனர். இரும்புத் துகளோடு பொடியைக் கலந்து, காந்தத்தின் முனையில் தொங்கவிட்டுத் தாளின்மேல் வருடுவதே அவர்கள் செய்தது.

பள்ளியில் காந்தத்தின்மேல் இரும்புத் தூளைத் தூவியிருக்கும் எவரும் இத்தூரிகையைக் கண்டவரே. முனைக்கு மேலே தூள் மயிர்க்கூச்செறிவதுபோல் நிமிர்ந்து நிற்கும். பிரதி யந்திரத்தில் இந்த ஏற்பாடு ஓர் உருளையாக அமைகிறது. வட, தென் முனைகள் மாறிமாறி அமைந்த காந்தம் உள்ளே அசையாமல் நிற்க, அதைச் சுற்றி, காந்தம் ஈர்க்காத அலுமினியம் போன்ற உலோகத்தாலான உறை சுழல்கிறது. உறையின்மேல் மணிகள் ஏறி வருகின்றன. முனைக்கு நேராக வந்ததும் சங்கிலி சங்கிலியாக நிமிர்ந்து, ஒளிக்கடத்தி உருளையை வருடுகின்றன. முனையைக் கடந்ததும் படுத்துக்கொள்கின்றன.

மணிகள் இரும்பினாலோ ஃபெர்ரைட்டினாலோ ஆனவை. குறுக்களவு பல பத்து மைக்ரான். பொடியோ பத்து மைக்ரானுக்கும் குறைவு. தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்கு எனலாம். நூறு கிராம் கலவையில் பொடி சில கிராமே. இரண்டும் உராய்வதால் எதிரெதிர் மின்னூட்டம் பெற்று, பொடி மணியைப் பற்றிக்கொள்கிறது. காந்தம் மணியைப் பிடித்திருக்கிறது. மணி பொடியைப் பிடித்திருக்கிறது. உருளையில் உள்ள மறைவுரு பொடியை மட்டும் பறித்துக்கொள்கிறது. பொடி செலவாகிறது, மணி தங்குகிறது. ஆயினும் நாளடைவில் பிசின் படிந்து மணிகளின் உராய்வுத் திறன் கெடுவதால், அவற்றையும் மாற்ற வேண்டி வருகிறது.

மணியின்றி நடக்கும் வேலை

மணியே இல்லாமல், பொடியைக் காந்தமே நேராகப் பிடித்துக்கொண்டால் என்ன? அதற்குப் பொடியினுள்ளேயே காந்தப் பொருள் இருக்க வேண்டும். ஆகவே பிசினோடு மாக்னடைட் என்ற கருநிற இரும்பு ஆக்ஸைடை, எடையில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கலந்து அரைக்கின்றனர். மின்னூட்டத்தைச் சீர்ப்படுத்தும் பொருளும் மெழுகும் சிறிதளவு சேர்கின்றன; துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மிக நுண்ணிய சிலிகா மேலே தூவப்படுகிறது. மாக்னடைட் இயல்பாகவே கறுப்பாதலால், நிறத்துக்கும் காந்தத்துக்கும் ஒரே சரக்குப் போதுமானதாகிறது. அதே காரணத்தால், மஞ்சள், சிவப்பு, நீல மைப்பொடிகளை இம்முறையில் செய்ய இயலவில்லை. கறுப்பைச் சேர்த்த மஞ்சள் மஞ்சளாக இராது.

ஜப்பானின் கானன் கம்பெனி 1979-இல் வெளியிட்ட பிரதி யந்திரம் ஒன்றில் இது நடைமுறைக்கு வந்தது. பொடியையும் ஒளிக்கடத்தி உருளையையும் ஒரே பெட்டியில் அடைத்து, தீர்ந்ததும் மாற்றிக்கொள்ளும் வழக்கத்தை அக்கம்பெனியே 1982-இல் தொடங்கியது. 1984-இல் ஹியூலெட் பாக்கார்டு கம்பெனி வெளியிட்ட லேசர் அச்சு யந்திரத்தின் உள்ளுறுப்பும் கானன் செய்ததே. மேசைமேல் வைக்கத்தக்க அச்சு யந்திரங்கள் பெருகியதற்கு, மணியை நீக்கியதால் கிடைத்த எளிமை ஒரு முக்கிய காரணம்.

இதன் இயக்கத்தைச் சற்று நின்று கவனிப்போம். காந்தத்தால் உறையில் ஒட்டிய பொடி, ஒரு கத்தியைக் கடந்து வருகிறது. கத்தி உறையைத் தொடுவதில்லை. உள்ளிருக்கும் காந்த முனைக்கு நேரே அது நிற்பதால், இடையே பொடிச் சங்கிலிகள் ஒரு திரைபோல் தொங்கி, மெல்லிய படலத்தை மட்டுமே கடக்கவிடுகின்றன. உறையில் உராய்ந்து அப்படலம் எதிர் மின்னூட்டம் பெறுகிறது. பின்னர் அது ஒளிக்கடத்தி உருளைக்கு எதிரே வருகிறது. இடைவெளி ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர். பொடி உருளையைத் தொடுவதில்லை. தாண்டிக் குதிக்க வேண்டும்.

லேசர் அச்சில் உருளை முழுவதும் முதலில் ஏறத்தாழ எதிர் 600 வோல்ட்டுக்கு மின்னூட்டப்படுகிறது. கறுப்பு விழவேண்டிய புள்ளிகளில் லேசர் பட்டு, அழுத்தம் எதிர் 100 அளவுக்கு இறங்கிவிடுகிறது. உறைக்கு எதிர் 400 வோல்ட் அளிக்கப்படுகிறது. இங்கே மாணவர் ஒருவர் கேட்கக்கூடிய கேள்வி உண்டு: பொடியும் எதிர், உருளையும் எங்கும் எதிர், ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் என்றல்லவா பாடம்? விடை, வேறுபாட்டில் இருக்கிறது. மடை திறந்தால் மேட்டு வயலின் நீர் தாழ்ந்த வயலுக்குப் பாய்கிறது. இரண்டும் கடல் மட்டத்துக்கு மேலேதான் உள்ளன. எதிர் 400-இல் நிற்கும் எதிர்த்துகளுக்கு எதிர் 100 பள்ளம். எதிர் 600 மேடு. ஆகவே லேசர் பட்ட புள்ளிக்குப் பாய்கிறது. படாத இடத்திலிருந்து பின்தள்ளப்படுகிறது.

எவ்வளவு வலிமையோடு? 300 வோல்ட் வேறுபாடு 0.3 மில்லிமீட்டரில் விழுந்தால், மின்புலம் மீட்டருக்கு 10 லட்சம் வோல்ட் ஆகிறது. காற்றில் தீப்பொறி பாயச் சுமார் 30 லட்சம் வேண்டும். கிராமுக்கு 10 மைக்ரோகூலம் மின்னூட்டமுள்ள பொடியின்மீது இந்தப் புலம் செலுத்தும் விசை, அப்பொடியின் எடையைப் போல் ஆயிரம் மடங்கு. புவியீர்ப்பு இங்கே கணக்கிலேயே வருவதில்லை. யந்திரத்தைத் தலைகீழாக வைத்தாலும் உரு விழும் என்று சொல்லலாம், பரீட்சித்துப் பார்க்க வேண்டியதில்லை. பொடியை உறையிலிருந்து பெயர்த்தெடுக்க, நிலையான வோல்ட்டோடு மாறுமின்னழுத்தமும் சேர்க்கப்படுகிறது. வினாடிக்குச் சுமார் இரண்டாயிரம் தடவை திசை மாறும் அப்புலத்தில், துகள்கள் உறைக்கும் உருளைக்கும் இடையே முன்னும் பின்னும் தாவுகின்றன. இரண்டும் சுழன்று விலகும்போது எந்தப் பக்கம் இழுவை மிகுந்ததோ அப்பக்கம் தங்கிவிடுகின்றன.

அவ்வாறாயின் காந்தத்துக்கு என்ன வேலை? பொடி வகையில் எல்லாத் துகளும் ஒரே அளவு மின்னூட்டம் பெறுவதில்லை. சிலவற்றுக்கு மிகக் குறைவு. சிலவற்றுக்கு இல்லவே இல்லை. காந்தம் இல்லாவிடில் இச்சோம்பேறித் துகள்கள் காற்றில் மிதந்து எங்கு வேண்டுமாயினும் படியும். காந்தம் அவற்றை உறையோடு பிடித்து நிறுத்துகிறது. போதிய மின்னூட்டம் உள்ள துகளே அப்பிடியை அறுத்துக்கொண்டு செல்ல முடிகிறது. தாளின் வெண்மை காந்தத்தின் உபயம் என்பது இதனாலேயே.

ஈரமும் உஷ்ணமும்

இனி மழைக்காலத்துக்கு வருவோம். காற்றில் ஈரம் மிகும்போது பொடியின் உராய்வு மின்னூட்டம் குறைகிறது. மின்சாரத்தின் கை தளர்வதால் கறுப்பு மங்குகிறது. தவறான மின்னூட்டமுள்ள துகள்களின் விகிதம் கூடுவதால் வெண்மையும் கெடுகிறது. இது ஒரு பாதி. மறுபாதி தாளில் உள்ளது. உருளையில் படிந்த பொடியைத் தாளுக்கு மாற்றுவதற்காக, தாளின் பின்புறத்தில் நேர் மின்னூட்டம் ஏற்றப்படுகிறது. நமுத்த தாள் ஓரளவு மின்கடத்தியாகிவிடுவதால் அம்மின்னூட்டம் கசிந்தோடி, பொடி உருளையிலேயே தங்கிவிடுகிறது. பிரதியில் திட்டுத்திட்டாக வெளுக்கிறது. சித்தூர்ப் பக்கத்து மேட்டு நிலத்தில் வறண்ட கோடையில் நேர்வது இதற்கு மாறானது: தாள்கள் மின்னூட்டத்தால் ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு மூன்றாக உள்ளே செல்கின்றன.

தாள் கட்டின் மேலுறை ஈரம் புகாதபடி செய்யப்பட்டது. அதைக் கிழித்து எறிவது வீண். தேவையான தாளை மட்டும் எடுத்து, மீதியை உறையோடு மடித்து வைக்க வேண்டும். தட்டில் இரவு முழுவதும் கிடந்த தாளை மழை நாளில் காலை முதல் பிரதிக்குப் பயன்படுத்தலாகாது. வினாத்தாள் அச்சிடும் ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்வது நலம்.

தாளுக்கு மாறிய பொடி வெறும் தூசே. சுமார் 180 முதல் 200 பாகை சென்டிகிரேடு வரை சூடேறிய உருளைகளுக்கிடையே அழுந்தும்போதுதான் பிசின் இளகி இழைகளில் பற்றுகிறது. 914 யந்திரத்தில் தாள் சிக்கினால் கருகித் தீப்பற்றியதும் உண்டு. அதற்கென ஒரு சிறு தீயணைப்பானையும் கம்பெனியார் உடன் கொடுத்தனர். தற்கால யந்திரத்தில் அந்த அபாயம் குறைவு. உஷ்ணம் போதாமையே அடிக்கடி காணும் குறை. தடித்த தாளிலும் ஈரத் தாளிலும் உஷ்ணம் போதாமல் போகும். பிரதியைப் பெற்றதும் ஓர் எழுத்தின்மேல் விரலால் அழுத்தித் தேய்த்துப் பார்க்கலாம். கறுப்பு இழுபட்டால் அதைக் கோப்பில் சேர்க்கக் கூடாது. பிசினாதலால் மற்றொரு ஆபத்தும் உண்டு. மென்மையான பி.வி.சி. உறைகளில் அவற்றை இளக்குவதற்காகச் சேர்க்கப்பட்ட எண்ணெய் போன்ற பொருள் மெல்லக் கசிந்து, எழுத்தை இளக்கி உறையில் ஒட்டவைத்துவிடும். ஆண்டுக்கணக்கில் வைக்க வேண்டிய பட்டாப் பிரதியைச் சாதாரணக் காகித உறையிலோ பாலிப்ரொப்பிலீன் உறையிலோ வைப்பதே தக்கது.

காசோலையின் அடியில்

காந்தப் பொடியின் மற்றொரு உபயோகத்தை நாம் எல்லோரும் கையில் எடுத்திருக்கிறோம். வங்கிக் காசோலையின் அடியில் உள்ள வெண்பட்டையில், விநோத வடிவமுடைய இலக்கங்கள் அச்சிடப்பட்டுள்ளன. பத்து இலக்கங்களும் நான்கு குறிகளும் கொண்ட இவ்வரிசையை ரிசர்வ் பாங்கு 1980-களில் நம் நாட்டில் புகுத்தியது. ஒன்பது இலக்கக் குறியீட்டில் முதல் மூன்று நகரையும், அடுத்த மூன்று வங்கியையும், கடைசி மூன்று கிளையையும் காட்டும். படிக்கும் யந்திரம் முதலில் மையைக் காந்தமாக்கி, பிறகு ஒவ்வொரு இலக்கமும் எழுப்பும் மின்னலையை இனங்காண்கிறது. மேலே ரப்பர் முத்திரை விழுந்தாலும் அதற்குக் கவலையில்லை. சென்னையில் 2011 செப்டம்பரில் தொடங்கிய முறைப்படி, காசோலைத் தாளுக்குப் பதில் அதன் படமே வங்கிகளுக்கிடையே செல்கிறது. எனினும் காந்தப் பட்டை நீங்கிவிடவில்லை.

காந்தப் பொடிதானே என்று சாதாரண லேசர்ப் பொடியால் இதை அச்சிட முடியாது. பிரதிக்கான பொடி, காந்தத்தை விட்டு விலகியதும் அதன் காந்தத் தன்மையை மறந்துவிடுவதே நல்லது. இல்லையேல் துகள்கள் திரண்டுகொள்ளும். காசோலைப் பொடியோ அதை நினைவில் வைத்திருக்க வேண்டும். இதற்காக ஊசி வடிவ மாக்னடைட்டைச் சேர்க்கின்றனர்.

ஒரே கறுப்பாகத் தோன்றினும் பொடிகள் வெவ்வேறு என்பதைப் பெட்டியில் மீண்டும் பொடி நிரப்புவோர் பல சமயம் பொருட்படுத்துவதில்லை. காந்தமில்லாத பொடியைக் காந்த உருளையுள்ள பெட்டியில் நிரப்பினால், அதை உறையோடு பிடித்து நிறுத்த எதுவும் இல்லை. பொடி சிதறி, யந்திரத்தின் உட்புறமெல்லாம் கரி படியும். இதை அறிய வழி சுலபம். சிறிது பொடியை மூடிய கண்ணாடிக் குப்பியில் இட்டு, வெளியிலிருந்து காந்தத்தைக் காட்டினால், காந்தப் பொடி மயிர்போல் எழுந்து காந்தத்தைப் பின்தொடரும், மற்றது அசையாது. வகுப்பில் காட்டத்தக்க சோதனை இது; குப்பியை மட்டும் திறக்கலாகாது.

பொடி துணியில் கொட்டினால் உதறிவிட்டுக் குளிர்ந்த நீரில் அலச வேண்டும். வெந்நீர் பிசினை இளக்கிக் கறையை நிலைக்கச் செய்யும். வீட்டுத் தூசியுறிஞ்சியால் உறிஞ்சுவதும் தவறு; நுண்பொடி அதன் வடிகட்டியைக் கடந்து அறையில் பரவுவதோடு, தீப்பொறி பட்டால் பற்றவும் கூடும். காலிப் பெட்டியை நெருப்பில் இடுவது அதனினும் அபாயம். தரையில் சிந்தியது காந்தப் பொடியாயின், காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி மெல்ல நகர்த்தினால் பெரும்பகுதி அதில் தொற்றிக்கொள்ளும். எஞ்சியதை ஈரத்துணியால் துடைக்கலாம். பிறகு காகிதத்தை ஒரு பையினுள் நீட்டிக் காந்தத்தை மட்டும் உருவிவிட்டால், பொடி பைக்குள் உதிர்ந்துவிடும்.